நியாக் குகையின் பழைய பேரேடு

கடை நடத்துகிறவருக்குப் பழைய பேரேடு என்பது வெறும் காகிதக் கட்டு அன்று. இருபது வருஷத்துக்கு முன் யார் எவ்வளவு சரக்கு எடுத்தார், எந்தத் தேதியில் பணம் செலுத்தினார், எது வராக்கடனாக நின்றுபோயிற்று என்பதையெல்லாம் அது சொல்லும். ஆனால் அந்தப் பேரேடு சாட்சிக்கு நிற்க வேண்டுமானால் இரண்டு காரியங்கள் வேண்டும். ஏடுகள் வரிசை மாறாமல் இருக்க வேண்டும். தேதிகள் நம்பத்தக்கவையாக இருக்க வேண்டும். ஏடு பிய்ந்து இடம் மாறியிருந்தால், கணக்குப்பிள்ளை எத்தனை சத்தியம் செய்தாலும் எதிராளி ஒப்புக்கொள்ள மாட்டார்.

நமக்கு அருகிலேயே, சரவாக் மாநிலத்தில், மண்ணால் ஆன பேரேடு ஒன்று ஒரு குகையின் வாயிலில் கிடக்கிறது. மனிதர் அங்கே வந்தது, சமைத்தது, உண்டது, இறந்தவர்களை அடக்கியது, பிற்காலத்தில் சீனத்துச் சரக்குக்குப் பண்டமாற்றுச் செய்தது எல்லாம் அதில் பதிவாகி உள்ளன. மிகப் பழைய பதிவு சுமார் 50,000 ஆண்டுகளுக்கு முற்பட்டது. அதற்கு நியாக் குகை என்று பெயர். அந்தப் பேரேட்டின் தேதிகளைப் பற்றி அறிஞர்களிடையே நாற்பது வருஷத்துக்கு மேலாக வழக்கு நடந்தது. அந்த வழக்கையும் தீர்ப்பையும் தெரிந்துகொள்வதே இந்தப் பாடத்தின் நோக்கம்.

இடம்

மிரி நகருக்குத் தென்மேற்கே, கடலிலிருந்து ஏறக்குறைய 16 கிலோமீட்டர் உள்ளே, குனோங் சூபிஸ் என்னும் சுண்ணாம்புக்கல் மலை இருக்கிறது. சுண்ணாம்புக்கல் மழைநீரில் மெல்ல மெல்லக் கரையும் இயல்புடையது. இலட்சக்கணக்கான ஆண்டுகள் நீர் அரித்து அரித்து அந்த மலைக்குள் பெரிய பெரிய அறைகளை உண்டாக்கிவிட்டது. அவற்றுள் பெரியது 'பெரிய குகை'. அதன் மேற்கு வாயில் சுமார் 60 மீட்டர் உயரமும் 250 மீட்டர் அகலமும் உடையது.

குகை என்றதும் குனிந்து நுழையும் இருட்டுப் பொந்து என்று நினைக்கக் கூடாது. மேற்கு வாயிலில் வெளிச்சம் தாராளமாக விழும், காற்று வரும், மேலே கல்கூரை இருப்பதால் மழை படாது. அதற்கப்பால் உள்ளே போகப் போக இருட்டும் ஈரமும் வௌவால் எச்சமும்தான். ஆகவே மனிதர்கள் தங்கியது வாயிலை ஒட்டிய உலர்ந்த தரையில். முன்கட்டில் வியாபாரமும் பின்கட்டில் கிட்டங்கியுமாக இருக்கும் நமது பழைய கடைவீடுகளை ஒருவாறு நினைத்துக்கொள்ளலாம். மனிதர் நடமாட்டம் முன்கட்டில் நடந்தது. பின்கட்டு பறவைகளுக்கும் வௌவால்களுக்கும் உரியதாக இருந்தது.

உலர்ந்த தரை என்பதில் ஒரு பெரிய நன்மை உண்டு. நமது நாட்டு வெப்பத்திலும் மழையிலும் எலும்போ மரமோ வெளியில் அதிக காலம் நிற்பதில்லை. மண்ணின் புளிப்பு எலும்பைத் தின்றுவிடும். குகையின் சுண்ணாம்புத் தன்மையும் உலர்ச்சியும் அவற்றைக் காத்துக் கொடுத்தன. மலாய்த் தீவுகளில் ஆதிமனிதர் தடயங்கள் பெரும்பாலும் குகைகளிலேயே அகப்படுவதற்கு இதுவே காரணம். அவர்கள் எல்லோரும் குகையில்தான் வாழ்ந்தார்கள் என்று கொள்வது பிழை. குகையில் வைத்தது மிஞ்சியது, வெளியில் வைத்தது அழிந்தது, அவ்வளவே.

தோண்டியவர்கள்

போர்னியோக் குகைகளில் ஆதிமனிதனைத் தேடும் ஆசை இங்கிலாந்து அறிஞர்களுக்கு நூற்றாண்டுக்கு முன்பே உண்டாயிற்று. டார்வினோடு சேர்த்துப் பேசப்படும் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலேஸ் 1854 முதல் சரவாக்கில் தங்கி ஆராய்ந்தவர். அந்தத் தூண்டுதலால் ஹார்ட் எவரெட் என்பவர் 1878, 1879-ஆம் ஆண்டுகளில் போர்னியோவின் சுண்ணாம்புக் குகைகளைத் தோண்டிப் பார்த்தார். 1880-ல் வெளிவந்த அவரது அறிக்கையில் மிகப் பழங்கால மனிதனைப் பற்றிய தடயம் ஒன்றும் இல்லை. அந்த ஒரு அறிக்கையோடு கதவு சாத்தப்பட்டுவிட்டது. ஏறத்தாழ எழுபது ஆண்டு ஒருவரும் தட்டிப் பார்க்கவில்லை. ஒரு தரகர் வந்து இந்தத் துறைமுகத்தில் சரக்கில்லை என்று எழுதிப் போட்டால், கப்பல்காரர் எவரும் அந்தப் பக்கம் திரும்புவதில்லை அல்லவா? அப்படித்தான்.

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின், 1947-ல், டாம் ஹாரிசன் என்பவர் கூச்சிங்கிலுள்ள சரவாக் பொருட்காட்சிசாலையின் பொறுப்பை ஏற்றார். யுத்த காலத்தில் பாரசூட்டில் போர்னியோ மலைநாட்டில் குதித்து, ஜப்பானியருக்கு எதிராக மலைவாசிகளைத் திரட்டியவர் இவர். பறவைகளை ஆராய்ந்தவர், புதைபொருள் தோண்டும் கலையை முறையாகப் பயின்றவர் அல்லர். 1954-ல் சிங்கப்பூர் ராபிள்ஸ் பொருட்காட்சிசாலையைச் சேர்ந்த மைக்கேல் டுவீடியும் உடன் வர, நியாவில் முதன்முதல் சோதனைக் குழி வெட்டினார். 1957 முதல் 1967 வரை பெரிய அளவில் வேலை நடந்தது. பிற்பகல் வெயில் நேராக அடித்து வேகவைத்த ஒரு பகுதிக்கு வேலைக்காரர்கள் 'நரகக் குழி' என்று பெயரிட்டார்கள்.

1958 பிப்ரவரியில் அந்த நரகக் குழியின் அடியில், சுமார் 9 அடி ஆழத்தில், மனித மண்டையோடு ஒன்று அகப்பட்டது. அதை வெளிக்கொணர்ந்ததில் ஹாரிசனின் மனைவி பார்பராவின் பங்கு பெரிது. அருகில் கிடந்த கரித்துண்டுகளை நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரச் சோதனைச்சாலை ஆராய்ந்து, அவை ஏறத்தாழ 40,000 ஆண்டுப் பழமை உடையவை என்று சொல்லிற்று. உலகம் வியந்தது. நம்மைப் போன்ற உடலமைப்புடைய மனிதர்கள் ஐரோப்பாவில் பரவியதே அந்தக் காலத்தில்தான் என்று நினைத்திருந்த நாட்களில், போர்னியோக் காட்டில் அதே காலத்து மனிதத் தலை கிடைத்தால் எப்படி இருக்கும்!

கரி எப்படித் தேதி சொல்லும்?

அமெரிக்காவில் சிக்காகோ சர்வகலாசாலையில் வில்லார்ட் லிபி என்பவர் 1949-ல் வெளியிட்ட முறை இது. இதற்காக 1960-ல் நோபல் பரிசு பெற்றார். வியாபாரிகளுக்கு இதை விளக்குவது எளிது.

உயிருள்ள மரம் காற்றிலிருந்து கார்பன் என்னும் கரிப்பொருளை வாங்கிக்கொண்டே இருக்கிறது. அதில் மிகச் சிறு பங்கு கார்பன்-14 என்னும் கதிரியக்க வகை. அது தானாகச் சிதைந்து குறைந்துகொண்டே இருக்கும். மரம் உயிரோடு இருக்கும்வரை வரவும் செலவும் சரிக்கட்டிக்கொள்ளும். மரம் பட்ட அன்றே வரவு நின்றுவிடுகிறது. செலவு மட்டும் நடக்கிறது. சுமார் 5,730 ஆண்டில் இருப்பு பாதியாகும். இன்னொரு 5,730 ஆண்டில் அந்தப் பாதியிலும் பாதி. மிச்ச இருப்பை அளந்தால் வரவு நின்ற தேதி தெரிந்துவிடும்.

ஆனால் 40,000 ஆண்டு என்றால் இருப்பு ஏழு முறை பாதியாகி இருக்கும். நூற்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது. கல்லாவில் ஒரே ஒரு காசு கிடக்கும்போது வெளியிலிருந்து இன்னொரு காசு தவறி விழுந்தால் இருப்பு இரட்டித்துவிடும் அல்லவா? அதுபோலப் புதிய வேரோ, மேல்மண்ணிலிருந்து இறங்கிய நீரோ, கொஞ்சம் புதுக் கார்பனைக் கரியில் சேர்த்துவிட்டால் தேதி பல்லாயிரம் ஆண்டு தவறிவிடும். முறை ஒன்றுதான், ஆனால் பழமை கூடக் கூடச் சரக்கைச் சுத்தம் செய்வதில் கண்டிப்பும் கூட வேண்டும்.

வழக்கு

தேதியை விட்டாலும், ஹாரிசனின் எதிரிகளுக்கு வலுவான வாதம் ஒன்று இருந்தது. அவர் மண்ணை அங்குலக் கணக்கில் சமமட்டமாக வெட்டிக்கொண்டே போனார். ஒரே ஆழத்தில் கிடைத்தவை ஒரே காலத்தவை என்று கொண்டார். மண் அப்படி மட்டமாகப் படிந்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. சாய்ந்து படியும்; சரிந்து விழும்; பிற்காலத்தார் அதில் குழி தோண்டுவார்கள். புதைகுழி ஒன்று தோண்டினால் 10,000 ஆண்டு முந்திய மண்ணுக்குள் நேற்றைய எலும்பு போய்ச் சேரும். மண்டையோடும் அப்படி மேலிருந்து இறங்கியதாக ஏன் இருக்கக் கூடாது? அருகிலிருந்த கரி பழமையானது என்பதால் மண்டையோடும் பழமையானது என்று எப்படிச் சொல்வது? அடுத்த ஏட்டில் இருக்கும் தேதியைக் காட்டி இந்த ஏட்டுக் கடனை நிலைநாட்ட முடியுமா?

ஹாரிசன் இந்தக் கேள்விகளுக்கு நிறைவான பதில் தரவில்லை. சிறு சிறு கட்டுரைகள் பல எழுதினார். ஆனால் தோண்டியதனைத்தையும் தொகுத்து முழு அறிக்கை ஒன்று வெளியிடவே இல்லை. சரக்கு முழுவதையும் கிட்டங்கியில் அடுக்கிவிட்டு ஐந்தொகை எடுக்காமல் போனவர் போலாயிற்று அவர் காரியம். எம் கருத்தில், அவருடைய கண் கூர்மையானது. கணக்கு வைத்த முறைதான் தளர்ச்சியானது. இத்தனைக்கும் குறிப்பேடுகள், வரைபடங்கள், படங்கள், கண்டெடுத்த பொருள்கள் எல்லாவற்றையும் பொருட்காட்சிசாலையில் பத்திரமாக விட்டுச் சென்றார். பின்னால் வந்தவர்களுக்கு அதுவே கைகொடுத்தது.

2000-ஆம் ஆண்டில் இங்கிலாந்துப் பேராசிரியர் கிரேம் பார்க்கர் தலைமையில், சரவாக் பொருட்காட்சிசாலையின் ஒத்துழைப்போடு, பல துறை அறிஞர்கள் கொண்ட குழு நியாவுக்கு வந்தது. புதிதாக மூலைக்கு மூலை தோண்டிப் போடவில்லை. ஹாரிசன் வெட்டிய பழைய குழிகளின் சுவர்களையே சுத்தம் செய்து, மண் எந்தப் பக்கம் சாய்ந்து எந்த அடுக்கு எதன்மேல் படிந்திருக்கிறது என்று அங்குலம் அங்குலமாகப் பார்த்தார்கள். மண்ணைச் சிறு துண்டாக எடுத்துக் கெட்டிப்படுத்தி, மெல்லிய தகடாகச் சீவிப் பூதக்கண்ணாடியில் ஆராய்ந்தார்கள். மகரந்தத் தூள், கொட்டை ஓடு, கிழங்கின் நார், எலும்பில் கத்தி பட்ட தழும்பு ஆகிய அனைத்தையும் தனித்தனி நிபுணர் ஆராய்ந்தனர். கரியை முன்னிலும் கடுமையாகச் சுத்தம் செய்து தேதி பார்த்தார்கள். மண்டையோட்டின் எலும்பையே யுரேனியம் முறையில் நேராகச் சோதித்தார்கள்.

தீர்ப்பு பெரும்பாலும் ஹாரிசன் பக்கமே வந்தது. மண்டையோடு சுமார் 37,000 ஆண்டுப் பழமையுடையது. குகையில் மனித நடமாட்டத்தின் தொடக்கம் 50,000 ஆண்டு அளவுக்குப் பின்னே போயிற்று. முடிவுகள் 2013-லும் 2016-லும் இரண்டு பெரும் நூல்களாக வெளிவந்தன. அரை நூற்றாண்டாக நிலுவையில் நின்ற கணக்கு நேராயிற்று.

தலை யாருடையது என்பதிலும் மாற்றம் வந்தது. 1960-ல் டான் பிராத்வெல் என்ற அறிஞர் அது ஓர் இளைஞனுடையது என்றும், ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கிலுள்ள டாஸ்மேனியாவின் பழங்குடியாரைப் போன்றது என்றும் கருத்துரைத்தார். 2016-ல் டேரன் கர்னோவும் அவர் தோழர்களும் மறுபடி ஆராய்ந்து, அது நடுவயதுப் பெண் ஒருத்தியுடையதாகலாம் என்றும், இன்றைய போர்னியோப் பழங்குடியாரின் சாயலே அதில் மிகுதி என்றும் எழுதினார்கள். ஒரே ஒரு மண்டையோட்டை வைத்து ஓர் இனத்தின் வரலாற்றையே தீர்மானிப்பதில் எச்சரிக்கை வேண்டும்தான். இருந்தாலும், வெளியூரான் என்று கருதப்பட்டவர் இந்த மண்ணுக்கே உரியவராகத் தோன்றுவது கவனிக்கத்தக்கது.

இன்று அது மிகப் பழைய தலை என்ற பெருமையை இழந்துவிட்டது. லாவோஸ் நாட்டில் தாம் பா லிங் என்னும் குகையில் 2009-ல் கிடைத்த மண்டையோடு அதற்கும் முந்தியது. நியாவின் சிறப்பு ஒரு தலையில் இல்லை. அத்தனை நீண்ட காலக் கணக்கு ஒரே இடத்தில் கிடைப்பதில் இருக்கிறது.

அவர்கள் சாப்பாடு

அக்காலத்தில் கடல்மட்டம் இன்றைவிட வெகு தாழ்வாக இருந்தது. உலகத்து நீரில் ஒரு பங்கு வடக்கே பனிக்கட்டியாக உறைந்திருந்தமையால், மலாயா, சுமத்ரா, ஜாவா, போர்னியோ எல்லாம் ஒரே நிலப்பரப்பாகத் தொடர்ந்திருந்தன. சிங்கப்பூர் இருக்கும் இடத்திலிருந்து நியாவுக்குக் கப்பலேறாமல் நடந்தே போகலாம்! நியாவிலிருந்து கடற்கரை இன்றைவிட வெகு தூரத்தில் இருந்தது.

குகையில் கிடைத்த எலும்புகளில் காட்டுப்பன்றியே மிகுதி. குரங்கு, உடும்பு, ஆமை, ஆற்றுச் சிப்பி ஆகியனவும் உண்டு. இப்போது உலகில் எங்குமே இல்லாத பேரழுங்கின் எலும்பும், மலாய்க்காரர் தெனோக் என்னும் மிருகத்தின் எலும்பும் கிடைத்துள்ளன. தெனோக் இன்று மலாயாக் காட்டில் உண்டு, போர்னியோவில் அற்றுப்போய்விட்டது. மரத்தின் உச்சியில் வாழும் குரங்கையும் தரையில் திரியும் பன்றியையும் ஒருங்கே பிடித்தவர்கள், கண்ணியும் பொறியும் எறிகருவியும் அறிந்தவர்களாகவே இருந்திருக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் வியப்பானது தாவர உணவு. மலேசியாவில் காடோங் என்னும் காட்டுவள்ளிக் கிழங்கையும், கெப்பாயாங் என்னும் மரத்தின் கொட்டையையும் நம்மில் பலர் அறிவார்கள். இரண்டும் நஞ்சு. காடோங்கைச் சீவி உப்பிட்டு நாள்கணக்கில் ஓடும் நீரில் ஊறப்போட வேண்டும். கெப்பாயாங் கொட்டையை வேகவைத்துச் சாம்பலோடு வாரக்கணக்கில் புதைத்து வைக்க வேண்டும். தப்பினால் ஆபத்து. காதல் மயக்கத்தில் கிடப்பவனை மலாய்க்காரர் 'மாபோக் கெப்பாயாங்' என்று கேலி செய்வது இந்தக் கொட்டையின் மயக்கத்தை வைத்துத்தான்.

இந்த இரண்டின் எச்சங்களும் நியாவின் பழைய அடுக்குகளில் கிடைத்துள்ளன. சாம்பலும் கொட்டை ஓடும் நிறைந்த குழிகளைக் கண்டு, நஞ்சு நீக்கும் முறையைப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அவர்கள் கைக்கொண்டிருந்தார்கள் என்று பார்க்கர் குழுவினர் கருதுகிறார்கள். இது சாமானியமான காரியமா? இன்று புதைத்து எத்தனையோ வாரம் கழித்து எடுக்க வேண்டுமானால், திரும்பி வரும் தேதி தெரிய வேண்டும். இடம் நினைவிருக்க வேண்டும். பிறர் எடுத்துவிடாமல் காவலோ நம்பிக்கையோ வேண்டும். எத்தனை பேர் நஞ்சுண்டு மடிந்த பிறகு அந்த முறை கைவந்ததோ! ஐரோப்பாவில் சித்திரம் தீட்டிய மனிதனை மட்டும் அறிவாளி என்று புகழ்ந்தவர்கள் இந்தச் சாம்பல் குழியையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அடக்கத் தலம்

பனியுகம் முடிந்து கடல் ஏறி, போர்னியோ தீவான பிறகு, குகை வாயில் இறந்தவர்களுக்கும் இடமாயிற்று. முற்பட்ட காலத்தவர்கள் உடலைக் கால் மடக்கி அடக்கினார்கள். சுமார் 3,500 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, உடலை நீட்டிக் கிடத்தி, மரத்தைக் குடைந்த பெட்டியிலோ மூங்கில் படலிலோ பாயிலோ சுற்றி அடக்கும் வழக்கம் வந்தது. சிலருடைய எலும்பை மண்ஜாடியில் இட்டு வைத்தார்கள். அழகிய வண்ணக் கலயங்களும் இரட்டை மூக்குக் கெண்டிகளும் அருகில் வைக்கப்பட்டன. இப்படி மேற்கு வாயிலில் மட்டும் இருநூறுக்கு மேற்பட்ட அடக்கங்கள் அடையாளம் காணப்பட்டுள்ளன.

இறந்தோர் துயிலும் இடத்தைக் கிளறுவது தகுமா என்று நம் சகோதரர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. 1960-களில் பல எலும்புகள் ஆராய்ச்சிக்கென்று அமெரிக்காவுக்குக் கொண்டுபோகப்பட்டன. அண்மை ஆண்டுகளில் அவை சரவாக்குக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. அவை எடுத்த இடத்துக்கே உரியவை என்னும் எண்ணம் இப்போது வலுத்திருப்பது நல்லதே.

பெரிய குகைக்கு அப்பால் தனிக் குன்றில் காயின் ஹீத்தாம் என்னும் சிறு குகை உண்டு. 1958-ல் பார்பரா ஹாரிசன் அதைக் கண்டு உலகுக்கு அறிவித்தார். சுவர் நெடுகச் செங்காவி நிறத்தில் படகுகளும் கைகால் விரித்த மனித உருவங்களும் தீட்டப்பட்டிருக்கின்றன. தரையில் படகு வடிவான மரப்பெட்டிகள் கிடந்தன, அவை இறந்தவர்களுக்கானவை. ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட பழமையுடையவை. உயிர் பிரிந்தபின் படகேறிப் போகவேண்டும் என்று அந்த மக்கள் நம்பியிருக்கிறார்கள் என்பது தெளிவு.

வியாபாரிகள் குகை

நிற்க. நமக்கு நெருக்கமான பகுதிக்கு வருவோம். மேல் அடுக்குகளில் கண்ணாடி மணிகளும், உலோகப் பொருள்களும், சீன தேசத்துத் தாங், சுங் மன்னர் காலத்துப் பீங்கானும் கிடைக்கின்றன. காட்டுக்குள் இருந்தவர்கள் கடலோடு கணக்கு வைத்துக்கொள்ளத் தொடங்கிவிட்டார்கள்.

பீங்கானுக்கு ஈடாகக் காட்டுச் சரக்குகள் பல போயிருக்க வேண்டும். அவற்றுள் நியாவுக்குப் பெயர் வாங்கித் தந்தது பறவைக்கூடு. உழவாரக் குருவி தன் எச்சிலால் குகைக் கூரையில் கட்டும் கூட்டைச் சீனர்கள் மருந்தாகவும் விருந்தாகவும் கொள்வது எல்லோரும் அறிந்ததே. நியாவில் பெரும்பாலும் இறகு கலந்த கருங்கூடு. வெண்கூட்டைவிட விலை குறைவு, சுத்தம் செய்யும் கூலி அதிகம். கூரையிலிருந்து தொங்கவிட்ட பெலியான் மரக் கம்பங்களில் தொற்றி ஏறி, உயிரைப் பணயம் வைத்துக் கூடெடுக்கிறார்கள். கூரையின் எந்தப் பகுதி எந்தக் குடும்பத்துக்கு என்பது பரம்பரை உரிமையாக வந்தது. கீழே குவியும் வௌவால் எச்சத்தை மூட்டை மூட்டையாகச் சுமந்து எருவாக விற்பதும் நெடுங்காலத் தொழில். எருவுக்காக மண்ணைக் கிண்டியதில் உள்ளே இருந்த பழந்தடயம் எவ்வளவு போயிற்றோ சொல்வதற்கில்லை.

பெரிய குகைக்குப் போகும் வழியில் உள்ள ஒரு குகைக்கு 'வியாபாரிகள் குகை' என்றே பெயர். கூடெடுப்போரும் எரு அள்ளுவோரும் வாங்க வருவோரும் அங்கே தங்கிப் பேரம் பேசினார்கள். அவர்கள் கட்டிய பெலியான் மரச்சட்டங்கள் இன்றும் அங்கே நிற்கின்றன. மேற்கு வாயிலில் 37,000 ஆண்டுத் தலை கிடைத்த இடத்தைக் காண வருகிறவர் முதலில் கடந்து போவது ஒரு சந்தைப் பேட்டையை. அந்தச் சட்டங்களும் ஆராய்ச்சிக்குரிய தடயம்தான். ஆயிரம் வருஷம் கழித்துத் தோண்டுகிறவருக்கு நமது கடைத்தெருவும் ஓர் அடுக்கே.

1974-ல் நியா தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2024 ஜூலையில் புதுடில்லியில் கூடிய யுனெஸ்கோ குழு அதை உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. கூடெடுப்போரின் பழைய உரிமைக்கும், குருவிகளைக் காப்பதற்கும், தோண்டாமல் மிஞ்சியிருக்கும் மண்ணைக் காப்பதற்கும் ஒருங்கே இடம் வேண்டும். மூன்றும் ஒன்றோடொன்று உரசக்கூடியவை. எந்த ஒன்றையும் தள்ளிவிடுவதற்கில்லை.

சரவாக்குக்குச் சரக்கு விஷயமாகப் போகும் அன்பர்கள் மிரியில் ஒரு நாள் மிச்சப்படுத்தினால் போதும். பத்து நியாவுக்கு மோட்டாரில் போய், ஆற்றைப் படகில் கடந்து, காட்டுக்குள் பலகைப் பாதையில் மூன்று நான்கு கிலோமீட்டர் நடக்க வேண்டும். கைவிளக்கும் வழுக்காத செருப்பும் கட்டாயம். மாலை மங்கும் நேரம்வரை இருக்க முடிந்தால், குருவிகள் உள்ளே திரும்புவதையும் வௌவால்கள் வெளியே கிளம்புவதையும் அந்த ஒரே வாயிலில் பார்க்கலாம்.